மருந்தே காய்ச்சலைக் கொடுக்குமா? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பர்மாவில் மழை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன. ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கிறது, காய்ச்சலும் ஓடிக்கொண்டிருக்கிறது; அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது. அவற்றிலிருந்து ஏழு கடிதங்களைச் சுருக்கி, பதிலோடு தருகிறோம்.

என் மாமனாருக்கு 64 வயது. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் ஊசி. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் சாயந்திரம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், பேரனோடு பேசுகிறார். "ஊசியாலேயே இருக்கலாம்" என்று டாக்டர் பத்தாம் நாள் நிறுத்தினார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இல்லை. காய்ச்சலுக்குப் போட்ட ஊசியே காய்ச்சலைக் கொடுக்குமா? இனி அவருக்கு ஊசியே ஆகாதா? நான் எழுதி வைத்த நோட்டுப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். – ஒரு வாசகி, தட்டோன்

கொடுக்கும், அம்மா. ஆனால் அந்த ஊசி காய்ச்சலுக்குப் போட்டதல்ல, கிருமிக்குப் போட்டது. காய்ச்சலை நேரடியாக இறக்குவது பாராசிட்டமால். ஆன்டிபயாட்டிக் கிருமியை அழிக்கும். கிருமி குறைந்தபின் காய்ச்சல் தானாக இறங்கும். இந்த வேறுபாடு மனதில் இருந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சிலருடைய உடல், மருந்தையே அந்நியப் பொருளாகக் கண்டு அதற்கு எதிராகத் தயாராகிறது. மருந்துத் துகள் ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கின்றன. கிருமி வந்தால் என்னென்ன ரசாயனங்களைச் சுரக்குமோ அதையேதான் அப்போதும் சுரக்கின்றன. மூளையில் உடற்சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அதைக் கண்டு சூட்டை ஏற்றிவிடுகிறது. முதல் தடவை மருந்து எடுப்பவருக்கு இப்படித் தயாராகச் சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் ஆன்டிபயாட்டிக்கால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் தலைகாட்டுகிறது. அதே மருந்தை முன்பே எடுத்து, உடல் அதை நினைவில் வைத்திருந்தால், அடுத்த தடவை சில மணி நேரத்திலேயே வந்துவிடும்.

உங்கள் நோட்டுப் பக்கத்துக்கு வருவோம். இதை மற்ற வாசகர்களும் பார்க்க வேண்டும். முதல் நாள் 103.4 டிகிரி, நாடி 118. மூன்றாம் நாள் 99, நாடி 84. எட்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு 102.6, நாடி 88. ஒன்பதாம் நாள் இரவு 103, நாடி 90. பத்தாம் நாள் காலை ஊசி நிறுத்தம். பதினோராம் நாள் மாலை 100.6. பன்னிரண்டாம் நாள் 98.4.

இதில் இரண்டு இடம் முக்கியம். முதலாவது நாடி. காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினால் நாடி ஏறத்தாழ பத்துத் துடிப்பு ஏறுவது வழக்கம். முதல் நாள் அவருக்கு அப்படித்தான் ஏறியிருக்கிறது. எட்டாம் நாளோ 102.6 காய்ச்சலுக்கு 115 பக்கம் இருக்க வேண்டிய நாடி 88-லேயே நின்றுவிட்டது. மருந்துக் காய்ச்சலில் சிலருக்கு இப்படி ஆகும். ஆனால் நம் ஊர்களில் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. டைபாய்டு, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) மூன்றிலும் காய்ச்சல் ஏறி நாடி ஏறாமல் இருப்பதுண்டு. அட்டெனொலால் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. இரண்டாவது, நிறுத்திய 48 மணி நேரத்தில் காய்ச்சல் அடங்கியது. செஃப்ட்ரியாக்சோன் ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பில் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் இரண்டு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். காய்ச்சலும் அதே வேகத்தில் போயிருக்கிறது. மருந்துக் காய்ச்சலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உடம்பில் தடிப்பும் சேர்ந்து வந்திருந்தால் அடங்க ஒரு வாரம்கூட ஆகலாம்.

ரத்தப் பரிசோதனை இதில் அவ்வளவாக உதவாது. வெள்ளணுக்கள் கூடியிருக்கும், ஈ.எஸ்.ஆர். (ரத்த அணுக்கள் படியும் வேகம்) ஏறியிருக்கும், கல்லீரல் என்சைம்கள் லேசாக உயர்ந்திருக்கும். இதெல்லாம் கிருமிக் காய்ச்சலிலும் அப்படியேதான் இருக்கும். இயோசினோஃபில் என்ற அணு கூடியிருந்தால் ஒரு துப்பு. ஆனால் அது எல்லாருக்கும் கூடுவதில்லை. குடற்புழு உள்ளவர்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலே கூடும். நமைச்சலும் தடிப்பும் வந்தால்தான் மருந்து ஒவ்வாமை என்று நினைப்பவர்கள் அதிகம். மருந்துக் காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது.

"மருந்தாக இருக்கலாம்" என்று சொல்லும் முன் டாக்டர் வேறு இடங்களையும் பார்த்திருப்பார். ஊசிக்குழாய் செருகிய கை சிவந்து, நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகி, தொட்டால் வலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நான்கு நாளுக்கு மேல் குழாய் இருந்தால் காய்ச்சல் அங்கிருந்தே கிளம்பலாம். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் வேண்டும். மூத்திரக் குழாய் போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் ஆன்டிபயாட்டிக்கால் குடலில் பெருகும் கிருமியின் வேலையாக இருக்கலாம். அப்போது கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. விஷம் குடலுக்குள்ளேயே தங்கிவிடும்.

இனி ஊசியே ஆகாதா என்றால், அப்படி இல்லை. ஆகாதது செஃப்ட்ரியாக்சோன். அதே சாயல் கொண்ட செஃபோடாக்சிம், செஃபெபிம் இரண்டையும் டாக்டரிடம் சொல்லித் தவிர்க்கச் சொல்லலாம். அதற்காகப் பென்சிலின் இனத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு அட்டையில் "செஃப்ட்ரியாக்சோன் – எட்டாம் நாள் காய்ச்சல், தடிப்பு இல்லை, நிறுத்திய இரண்டு நாளில் சரி" என்று வருடத்தோடு எழுதிப் பர்சில் வையுங்கள். அதையே பர்மிய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அவசர நேரத்தில் நர்ஸ் சயாமா அதைத்தான் படிப்பார். கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். ஒரே மருந்து பல பெயரில் வருகிறது. "ஊசி அலர்ஜி" என்று மட்டும் எழுதி வைத்தால் நாளைக்கு ஒரு நல்ல மருந்து தேவைப்படும்போது எல்லாரும் தயங்கி நிற்பார்கள்.

என் மகனுக்கு 5 வயது, 16 கிலோ. காய்ச்சல் என்று மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளாகியும் 103. கடைக்காரர் செஃபிக்சிம் மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் நிற்கவில்லை, அசித்ரோமைசின் கொடுத்தார். மருந்துதான் காய்ச்சலைக் கொடுக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், பெகு

இது மருந்துக் காய்ச்சல் இல்லை, அம்மா. மருந்து தொடங்குவதற்கு முன்பே வந்து, இன்னும் விடாமல் இருக்கிற காய்ச்சல் இது. நடுவில் ஒரு நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருந்து, பிறகு வந்திருந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். இரண்டாம் நாளிலேயே சந்தேகிக்க இடமில்லை.

குழந்தைகளின் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. மூன்று முதல் ஐந்து நாள் இருந்துவிட்டுப் போகும். எந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் வைரஸுக்கு உறைக்காது. அதனால் முதல் மருந்து தோற்றது போல் தெரிகிறது, இரண்டாவதும் தோற்றது போல் தெரிகிறது, ஐந்தாம் நாள் எது கையில் இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. மூன்று நாளில் மூன்று மருந்து மாற்றியதால் இனி தடிப்போ காய்ச்சலோ வந்தால் எந்த மருந்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. நாம் கேட்பதால்தான் அவர் மாற்றித் தருகிறார்.

மழை மாதத்தில் இந்த வயதில் நாம் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. பலருக்கும் தெரியாத ஒன்று இதில் உண்டு. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்தான நேரம். அப்பாடா என்று நாம் மூச்சு விடும் அந்த நாளில் கை கால் சில்லிட்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வயிறு வலிக்கிறது என்று சுருண்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் இருந்தாலோ, எழுப்பினால் மயங்கியது போல் கிடந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி என்று பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் தொடர்ந்தாலே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பாராசிட்டமால் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 16 கிலோவுக்கு 160 முதல் 240 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று இருந்தால் 7 முதல் 10 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று இருந்தால் மூன்றேகால் முதல் நாலே முக்கால் மில்லி. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் எண்ணைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு நான்கு தடவை. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிக்கும். டெங்கு சந்தேகம் நீங்கும் வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டையும் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. சிறு பிளாஸ்டிக் உறையில் நாலைந்து மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டித் தரும் பொட்டலத்தைக் குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். காய்ச்சல் அன்றைக்கே பட்டென்று இறங்கும், உள்ளே நோய் அப்படியே இருக்கும். பெயரில்லாத மாத்திரையால் பிறகு ஒவ்வாமை வந்தால் டாக்டரிடம் எதைக் காட்டுவீர்கள்?

ஆன்டிபயாட்டிக் சூடு, அதனால் காய்ச்சல் வருகிறது, இளநீர் குடித்தால் தணியும் என்கிறார்களே? – ஒரு வாசகர், ரங்கூன்

நாம் "சூடு" என்று சொல்வதில் வாய்ப்புண், வயிற்றெரிச்சல், நீர்க்கடுப்பு, கண்ணெரிச்சல் எல்லாம் அடங்கும். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது இவற்றில் சில வருவது உண்மை. வாயிலும் குடலிலும் இருக்கும் நல்ல கிருமிகளும் அழிவதால் வாயில் வெள்ளை படரும், வயிறு கலங்கும். அதற்கு இளநீரோ மோரோ குடிப்பதில் தவறில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரைத் தவிர்க்க வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் எடுப்பவர்கள் மாத்திரைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பால், மோர் சேர்க்க வேண்டாம், மருந்து உடம்பில் சரியாக ஏறாது. தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் அது இந்தச் "சூடு" இல்லை. அதற்குக் காரணம் தேட வேண்டும்.

என் தங்கைக்குக் காசநோய். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். முதலில் இருந்த காய்ச்சல் நின்று, இப்போது ஒரு வாரமாகத் தினமும் 101 வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, பத்து நாள் நிறுத்திப் பார்" என்கிறார். – ஒரு அண்ணன், மோல்மீன்

பத்து நாள் நிறுத்திப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள், தம்பி. மற்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் காசநோய் மாத்திரைக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம்.

முதலில் ஒரு வேலை கொடுக்கிறோம். மூன்று நாளைக்கு, மாத்திரை விழுங்கிய நேரத்தையும் காய்ச்சல் ஏறிய நேரத்தையும் எழுதுங்கள். மாத்திரை போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் குளிர் நடுக்கம், உடம்பு வலி, தலைவலியோடு ஏறி, சாயந்திரத்துக்குள் தானாக இறங்குகிறதா? அப்படியானால் காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த மருந்தைத் தினமும் எடுப்பவர்களைவிட, இரண்டு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பவர்களுக்குத்தான் இந்தக் காய்ச்சல் அதிகம் வருகிறது. இடைவெளி விடும்போது உடல் மருந்துக்கு எதிராகத் தயாராகி, அது திரும்ப வந்ததும் எதிர்க்கிறது. தங்கையிடம் அன்போடு கேளுங்கள், நடுவில் விட்டாளா என்று. திட்டினால் உண்மை வராது. விட்டிருந்தால் அதையும் மாத்திரை தரும் சென்டரில் சொல்லிவிடுங்கள். ஒழுங்காகத் தினமும் எடுக்க ஆரம்பித்ததும் பலருக்கு இந்தக் காய்ச்சல் நின்றுபோகிறது.

நேரத்தோடு சம்பந்தம் இல்லாமல் காய்ச்சல் இருந்தால் வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. காசநோய்க் காய்ச்சலே சிலருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும். கழுத்தில் நெறி கட்டியிருந்தால், மருந்து சரியாக வேலை செய்யும்போதே அது பெரிதாகிக் காய்ச்சல் வருவதும் உண்டு. கிருமி அந்த மருந்துகளுக்கு மசியாத இனமாக இருக்கலாம். சளியைத் திரும்பச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனையும் செய்திருக்க வேண்டும்.

பசியே இல்லாமல் குமட்டல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழ் வலி இருந்தால் கல்லீரல் பாதிப்பு. அப்போது மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே சென்டருக்குப் போங்கள். மூத்திர நிறத்தை வைத்து மஞ்சள் காமாலையைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ரிஃபாம்பிசின் எடுக்கும் எல்லாருக்கும் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகத்தான் போகும். கண் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மருந்துதான் காரணம் என்று டாக்டர் முடிவு செய்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, காய்ச்சல் இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு. காய்ச்சல் திரும்பி வரும் நாளில் எது கடைசியாகச் சேர்ந்ததோ அதுதான் குற்றவாளி. இதை வீட்டில் செய்ய முடியாததற்குக் காரணம் மாத்திரையிலேயே இருக்கிறது. தங்கை விழுங்கும் ஒரு மாத்திரைக்குள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்திருக்கின்றன. பாதியாக உடைத்துப் போட்டாலும் நான்கும்தான் உள்ளே போகும், அதுவும் பாதி அளவில். பாதி அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும். ஆஸ்பத்திரியில் தனித்தனி மாத்திரை வைத்துப் பார்ப்பார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து என்ற ஆறு மாத ஓட்டத்தில் இதனால் சில நாள் கூடும், அவ்வளவுதான். சென்டரில் இலவசமாகக் கிடைக்கும் இந்த மருந்தை விட்டுவிட்டு வெளியே அரைகுறையாக வாங்கிப் போட வேண்டாம்.

வெள்ளம் வடிந்தபின் வயலில் இறங்கி வேலை செய்தேன். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. எலிக்காய்ச்சல் என்று பென்சிலின் ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் நடுநடுங்கி, காய்ச்சல் 104 ஆகிவிட்டது. பென்சிலின் எனக்கு ஆகாதா? – ஒரு வாசகர், டெடயே

ஆகும். எலிக்காய்ச்சலின் கிருமி ஊசி பட்டதும் கூட்டமாகச் சாகிறது. செத்த கிருமியின் துண்டுகள் ரத்தத்தில் கலந்ததும் உடல் ஒரேயடியாகக் கொதித்துப் போகிறது. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் நடுக்கத்தோடு ஏறி, ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மேகநோய்க்கு (சிபிலிஸ்) பென்சிலின் போடும்போதும் இப்படி வரும். இது ஒவ்வாமை அல்ல. அட்டையில் எழுதக் கூடாது, ஊசியை நிறுத்தவும் கூடாது. அந்தச் சில மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் படுத்தபடி போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்ட நிமிடங்களிலேயே உதடு வீங்கி, மூச்சு அடைத்து, உடம்பெல்லாம் தடித்தால் அதுதான் பென்சிலின் ஒவ்வாமை. அப்போதே அங்கிருக்கும் டாக்டர் சயாவிடம் சொல்லுங்கள். அட்ரினலின் ஊசி போட வேண்டியிருக்கும்.

என் அண்ணனுக்கு 52 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. காய்ச்சல், இருமல். ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டும் இறங்கவில்லை. ரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மெலியாய்டோசிஸ் என்று வந்தது. செஃப்டாசிடிம் தொடங்கி ஆறு நாளாகியும் இரவில் 101. இது மருந்துக் காய்ச்சலா? மருந்தை மாற்றச் சொல்லலாமா? – ஒரு வாசகி, ரங்கூன்

மாற்றச் சொல்லாதீர்கள். இந்த நோயில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் விடச் சராசரியாக ஒன்பது நாள் ஆகும். அண்ணனுக்கு ஆறாம் நாள்தான். அவசரப்பட்டு மாற்றினால் கையிலிருக்கும் சரியான மருந்தை இழப்போம்.

இந்த நோய் உலகுக்குத் தெரியவந்ததே நம் ரங்கூனில்தான். ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆல்ஃப்ரெட் விட்மோரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் 1912-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் கிருமி இது. மழைக்காலத்தில் காலிலுள்ள சிறு புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்களையே அதிகம் தாக்கும். பார்க்கக் காசநோய் போலவே இருக்கும் என்பதால் பலருக்கு மாதக் கணக்கில் வேறு மருந்து ஓடிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்குக் கல்ச்சர் எடுத்த டாக்டர் பெரிய உதவி செய்திருக்கிறார்.

செஃப்டாசிடிம் வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 கிராம். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் குறைப்பார்கள். நள்ளிரவு ஊசியை "தூங்கட்டும்" என்று விடச் சொல்லாதீர்கள். குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் இது ஓட வேண்டும். பத்து நாள் கழிந்தும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் மருந்துக்குச் சமம்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் அடுத்துதான் வருகிறது. ஊசி முடிந்ததும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம் கொடுப்பார்கள். மருந்துக் காய்ச்சலுக்கும் தோல் ஒவ்வாமைக்கும் பெயர் போன மருந்து இது. தொடங்கிய இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே உடம்பு முழுவதும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தொடங்கும் முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்கள் இந்த நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். மூத்திரம் கறுந்தேநீர் நிறத்தில் போகும், முகம் வெளிறும்.

எந்த நோய்க்கு எத்தனை நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும் என்பதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாள். இறங்காவிட்டால் நோயைத் தவறாகக் கணித்திருக்கலாம். சாதாரண நிமோனியாவும் சிறுநீரகத் தொற்றும் இரண்டு மூன்று நாள். டைபாய்டுக்குச் சரியான ஊசி போட்டாலும் நாலு முதல் ஆறு நாள். டைபாய்டில் மூன்றாம் நாளே "ஊசி பிடிக்கவில்லை" என்று ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு நாம் சொல்வது, பொறுங்கள், நோட்டில் எழுதுங்கள் என்பதே.

அம்மாவுக்கு 70 வயது. நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்தார்கள். கடுப்பு நின்றுவிட்டது. ஆறாம் நாள் காய்ச்சல், வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளிக்கு வேறு ஆன்டிபயாட்டிக் வாங்கட்டுமா? எந்த அறிகுறி வந்தால் ராத்திரியே கிளம்ப வேண்டும்? – ஒரு மகள், மண்டலே

வாங்க வேண்டாம், அம்மா. அடுத்த மாத்திரையையும் போட வேண்டாம். இந்த மருந்து சிலருக்கு நுரையீரலையே புண்படுத்தும். காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் சேர்ந்து, தொடங்கிய சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும். எக்ஸ்ரேயில் நிமோனியா மாதிரியே தெரியும். மருந்தின் பெயரைச் சொல்லாமல் "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் நிமோனியாவுக்குத்தான் ஊசி போடுவார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கல்ல, இன்றைக்கே போங்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில நாளில் மூச்சு சீராகிவிடும். வாழ்நாள் முழுதும் இந்த மருந்து அவருக்குக் கூடாது. இதை அட்டையில் எழுதலாம்.

ராத்திரியே கிளம்ப வேண்டிய அறிகுறிகள், எந்த ஆன்டிபயாட்டிக் ஆனாலும்: காய்ச்சலோடு வாய், உதடு, கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண், தோலில் கொப்புளம், அல்லது விரலால் தேய்த்தால் தோல் வழுகி வருவது, முகம் வீங்கி, உடம்பெல்லாம் சிவந்து, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது. கடைசியாகச் சொன்னது மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும், மாத்திரை முடிந்து போயிருந்தாலும் வரும். அதனால் தீர்ந்த மாத்திரையின் அட்டையை இரண்டு மாதத்துக்குத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய அன்றே முதல் மாத்திரை விழுங்கிய தேதியை அதன் பின்புறம் பேனாவால் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.